பொட்டு வைத்த ஆறு மூடிகள்

போன வாரம் மலாக்காவின் புக்கிட் காதிலில் என் வீட்டு வாசலில் நின்ற கார், எங்கள் பேச்சில் காடி, கிளம்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த வயதில் நானும் காலையில் அப்படித்தான் எழுந்திருக்கிறேன் என்பதால் அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேரன் கைபேசியில் யாரையோ கூப்பிட்டான். அரைமணி நேரத்தில் ஒரு மெக்கானிக் மோட்டார் சைக்கிளின் பின்னால் புது பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பழையதைக் கழற்றினார், புதியதை வைத்தார், இரண்டு நட்டை முறுக்கினார். நான் பழைய பழக்கத்தில் குனிந்து பார்த்துக் கேட்டேன்.

"தண்ணி அளவு பாக்கலையா தம்பி?"

"இதுல தண்ணி ஊத்துற வேலையே இல்ல அங்கிள். மூடியே கெடையாது லா. ஃபேக்டரியிலயே அடச்சிட்டான்."

பேட்டரியின் தலையைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. மூடி இல்லை, திருகு இல்லை, ஒன்றுமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பதறிப்போய், "ஏன் அங்கிள், வேல சரியில்லையா?" என்றார். தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

தூசியும் இல்லை, மண்ணும் இல்லை. உங்களிடம் சொல்வதற்கு என்ன. ஏறக்குறைய அறுபது வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. சொல்லவேண்டிய ஆட்கள் இருந்தபோது சொல்லாமல் விட்டேன். நேராக அதற்கு வர இப்போதும் துணிச்சல் இல்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயா சுதந்திரம் அடைந்த சமயத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், அப்பா இறந்தபிறகு அம்மாவையும் இரண்டு தம்பிகளையும் கூட்டிக்கொண்டு காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்தேன். தெங்கேராவில் ஒரு சீன முதலாளியின் காடிப் பட்டறையில் வேலை, தவுக்கே என்று கூப்பிடுவோம். வேலை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பட்டறையின் பின்னால் ஓர் அறை. அதில் வரிசையாக பேட்டரிகள். அவற்றுக்கு நான் ஆயா.

அந்த அறையின் வாசனை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. தொண்டையில் போய்க் கீறுகிற புளிப்பு வாசனை. அசிட் தெறிப்பது தெரியவே தெரியாது. சட்டை நன்றாகத்தான் இருக்கும். அம்மா துவைத்துக் கொடியில் போட்டதும் வெளிச்சத்தில் பார்த்தால் சல்லடை. "நீ வேலைக்குப் போறியா, சட்டைக்குப் பூச்சி வளக்கப் போறியா?" என்பார் அம்மா. கடைசியில் மாவு மூட்டைத் துணியில் எனக்கென்று ஒரு சட்டை தைத்துவிட்டார். முதுகில் மில்லின் முத்திரையோடு நான் தெங்கேரா தெருவில் போவேன்.

பேட்டரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன். குழாய்த் தண்ணீர் ஆகாது, காய்ச்சி வடித்த தண்ணீர்தான். உள்ளே இருக்கிற தகடு முழுகி ஒரு நூல் மேலே நின்றால் போதும், ததும்பத் ததும்ப ஊற்றக்கூடாது. அசிட் கலக்கும்போது தண்ணீரில் அசிட்டை விடவேண்டும், அசிட்டில் தண்ணீரை விட்டால் முகத்துக்குச் சீறும். முனைகளில் பூக்கிற வெள்ளைப் பச்சைப் பொருக்கை சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து வாசலின் பூசவேண்டும். சார்ஜ் போடும்போது ஆறு மூடிகளையும் கழற்றி வைத்துவிடுவோம். உள்ளே கஞ்சி கொதிக்கிற மாதிரி குமிழ் விடும். அந்தக் குமிழில் வருவது தீப்பிடிக்கிற காற்று. கண்ணுக்குத் தெரியாது. சார்ஜை நிறுத்தினாலும் உடனே போய்விடாது, மேலேயே தங்கி நிற்கும். ஆகவே பேட்டரி பக்கத்தில் பீடி கிடையாது, தீக்குச்சி கிடையாது, பொறி பறக்கிற எதுவும் கிடையாது. இதை நீங்கள் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கும் இது நன்றாகத் தெரியும்.

காடியின் வயர் வேலையெல்லாம் சிங்காரம் பிள்ளையுடையது. என் வயதுதான். காஜா பேராங்கிலேயே கம்பம் என்கிற செட்டிகளின் குடியிருப்பில் வீடு. மலாக்காச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பெயர் தமிழ்ப் பெயர், நெற்றியில் திருநீறு, வீட்டில் மாரியம்மன் படம், பேச்சு மட்டும் மலாய். அவர்களுக்கே உரிய ஒரு மலாய். சாமி காரியம் என்றால் மட்டும் பூசை, மாலை, திருநீறு என்று நம் சொற்கள் தலைகாட்டும். பட்டறையில் அவனை 'சிங்கா' என்று கூப்பிடுவோம். மலாயில் சிங்கம் என்று அர்த்தம். அவன் உடம்போ அவன் இழுக்கிற வயரைவிட மெலிவு. சிங்கம் வருது, ஓரமா நில்லுங்க, காத்துல பறந்துடப் போவுது என்று கேலி செய்வேன். அவன் மலாயில் திருப்பிக் கொடுப்பான். அவன் சொன்னதையெல்லாம் உங்களுக்காகத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபியூஸ் என்றால் அவனுக்குப் பூசை மாதிரி. அந்தக் காலத்துக் காடியில் கண்ணாடிக் குழாயாக இரண்டே இரண்டு ஃபியூஸ் இருக்கும். எரிந்துவிட்டால் மாற்ற அரை நிமிஷம் போதும். அவன் அரைமணி நேரம் எடுப்பான். முதலில் சாவியை அணைப்பான். பிறகு பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற வயரைத்தான் முதலில் கழற்றுவான், திரும்ப மாட்டும்போது அதைத்தான் கடைசியில் மாட்டுவான். அப்புறம் வயரோடு வயராகத் தடவிக்கொண்டே போய் எங்கே தோல் உரிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பான். அதைச் சரிசெய்த பிறகுதான் புது ஃபியூஸ், அதுவும் அதே அளவில். "காரணம் தெரியாம மாத்தினா அடுத்தது வயரு எரியும், அதுக்கடுத்தது காடி எரியும்" என்பான்.

நான் அப்படியா? ஒரு மழை நாளில் அவன் சாப்பிடப் போயிருந்தபோது பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார். வைப்பர் ஓடவில்லை என்றார். ஃபியூஸ் எரிந்திருந்தது. அலமாரியில் வேறு இல்லை. சிகரெட் டப்பாவின் வெள்ளிக் காகிதத்தைக் கிழித்து எரிந்த ஃபியூஸில் சுற்றிச் செருகினேன். வைப்பர் ஜோராக ஓடியது. வாத்தியார் என்னைக் கெட்டிக்காரன் என்று புகழ்ந்துவிட்டுப் போனார். கால்மணி நேரத்தில் குடையும் கையுமாக நடந்தே திரும்பி வந்தார், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வருகிறதாம். சிங்காரம் மத்தியானம் முழுக்க டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு புது வயர் இழுத்தான். தவுக்கே வந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, "எலி கடிச்சிடுச்சு தவுக்கே" என்றான். சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போதுதான் என்னிடம் சொன்னான். "அந்த எலி இனிமே வெள்ளிக் காகிதம் திங்கக்கூடாது, சொல்லிடு." நான் சிரித்தேன். அவன் எனக்காகப் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

சுதந்திர நாளன்று மலாக்காவில் இருந்த அத்தனை காடிகளும் ஹார்ன் அடித்துக்கொண்டே ஊர்வலம் போயின. கொடி, காகிதத் தோரணம், மட்கார்டுக்கெல்லாம் கலர் பல்பு. மறுநாள் பட்டறை வாசலில் வரிசை நின்றது. பாதி காடிக்கு ஹார்ன் ஊமை, ஃபியூஸ் போயிருந்தது. மீதிக்கு பேட்டரி செத்திருந்தது. அவனுக்கும் எனக்கும் ஒரு வாரம் பசியாற நேரமில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப்பிறகு வேலை செய்ததே கிடையாது.

அந்த மாதத்தில்தான் அவனுக்குக் கடிதம் வந்தது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், அரசாங்கத்தில் நம் ஆட்களுக்கு இடம் கிடைத்தது. அரசாங்க வண்டிகளைப் பார்க்கிற ஒரு பட்டறையில் எலக்ட்ரிக் வேலை. பென்ஷன் உண்டு. தீபாவளி கழித்து வந்து சேரவேண்டும், அதற்குமுன் டாக்டரிடம் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவனுக்கு அக்கா ஒருவர்தான். அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். நான் போனபோது எடுத்துக் காட்டிவிட்டு மறுபடியும் அங்கேயே செருகினார்.

இனிமேல் சுற்ற இடமில்லை, சொல்லித்தான் ஆகவேண்டும்.

பட்டறையில் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. பேட்டரி பக்கத்தில் வயரைப் பற்றவைக்கவோ வேறு எதற்கோ நெருப்பு எடுப்பதற்கு முன்னால் அவன் என்னைப் பார்த்து, "சூடா?" என்று கேட்பான். மலாயில் 'முடிந்ததா' என்று அர்த்தம். மூடிகளை மாட்டிவிட்டாயா, காற்றெல்லாம் போய்விட்டதா என்கிற முழுக் கேள்வியும் அந்த ஒரு சொல்லில் அடக்கம். நான் பார்த்துவிட்டு, "சூடா" என்பேன். முடிந்தது. அதற்குப் பிறகுதான் அவன் கை நெருப்பிடம் போகும். நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் கேட்காமல் இருந்ததில்லை.

ஆயுத பூசை வந்தது. தவுக்கே தாராள மனசுக்காரர். வேலை நிற்காமல் இருந்தால் எந்தச் சாமியும் அவருக்குச் சம்மதம். அவருடைய சொந்தக் காடியையே முதலில் நிறுத்தச் சொன்னார். அதன் பேட்டரி காலையிலிருந்து என் அறையில் சார்ஜில் கிடந்தது. மத்தியானம் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கொண்டுவந்து மாட்டினேன். மூடிகளை மாட்டவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். அவற்றுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு இட்டிருந்தேன். ஆறு கறுப்பு மூடிகள், ஆறு சிவப்புப் பொட்டுகள். அழகாக இருந்தன. காயட்டும் என்று மட்கார்டின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து வரிசையாக வைத்துவிட்டேன். பேட்டரியின் மேலே சாமந்தி மாலையைப் போட்டேன். திறந்திருந்த ஆறு ஓட்டைகளும் பூவுக்குள் மறைந்துபோயின. என் பேட்டரிக்கு நான் செய்த மரியாதை அது.

எப்போதும் நான்தான் சூடம் காட்டுவேன். அந்த வருஷம் சிங்காரத்திடம், "நீ போகப்போறவன், நீதான் காட்டணும்" என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஒருவர் மணி அடித்தார். தட்டில் சூடத்தை ஏற்றி அவன் பக்கமாக நீட்டினேன். அவன் திறந்திருந்த பானெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கேட்டான்.

"சூடா?"

நம் பேச்சில் சூடம் என்பதன் கடைசி எழுத்து எங்கே முழுசாக வருகிறது? பாதி மூக்கிலேயே நின்றுவிடும். பூசை நேரம், கையில் சூடம், சாமி காரியத்துக்குத் தமிழ்ச் சொல் பேசுகிறவன். அவன் சூடமா என்று கேட்கிறான் என்றே என் காதில் விழுந்தது.

"சூடம், சூடம்" என்று சொல்லித் தட்டை அவன் கையில் கொடுத்தேன்.

அவன் காதில் 'சூடா, சூடா' என்று விழுந்திருக்கும். அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான். இன்ஜினுக்கு ஒரு சுற்று காட்டினான். பேட்டரிக்குக் காட்டக் குனிந்தான்.

பட்டாசு மாதிரி ஒரே ஒரு வெடி. சாமந்திப் பூ கூரை வரைக்கும் பறந்தது. பேட்டரியின் தலையே பிளந்துபோயிருந்தது. அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், கத்தக்கூட இல்லை. தண்ணீர்த் தொட்டியருகே இழுத்துக்கொண்டு போய், கண்ணைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். தண்ணீர் ஊற்றியிராவிட்டால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் எப்போதும் ஒரு மூட்டம். வயர் வேலை என்பதே நிறத்தைப் பார்த்துச் செய்கிற வேலை. அதற்குப்பிறகு அவனுக்குப் பச்சையும் நீலமும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

மூன்றாம் நாள் தவுக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் நான். தவுக்கே கோபமாகத்தான் இருந்தார். யார் தப்பு, யார் மூடியைக் கழற்றிப் போட்டது, நெருப்புக்கு முன்னால் கேட்டாயா இல்லையா என்று கேட்டார். சிங்காரத்தின் முகம் முழுக்கக் கட்டு. நான் அங்கே நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

"ஆக்கு லுப்பா தாஞா" என்றான். நான் கேட்க மறந்துட்டேன்.

மூடியைக் கழற்றி வைப்பது பேட்டரிக்காரனின் வழக்கம்தான், நெருப்பைக் கொண்டுபோகிறவன்தான் கேட்கவேண்டும். அதுதான் பட்டறையின் சட்டம். அவன் கேட்கவில்லை என்றால் தப்பு அவனுடையது. கேட்டான் என்றால் என்னுடையது. தவுக்கே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். வீட்டு வாடகையும் அம்மாவும் தம்பிகளும் கண்முன்னே வந்தார்கள். இதுவும் ஒரு சாக்குதான். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை.

அந்த அரசாங்க வேலை? அதற்கு நான் போனேன். நம்புங்கள், நான் கேட்கவில்லை. அவன்தான் அக்காவிடம் சொல்லிச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுக்கச் சொல்லி என் கையில் கொடுத்தான். "அந்த எடம் காலியாத்தான் கெடக்கு, எழுதிப் போடு. எனக்குத்தான் இல்லன்னு ஆயிடுச்சு, நீயும் விட்டுட்டு என்ன செய்யப் போற? லூ பீ லா" என்றான். நீ போ. எழுதிப் போட்டேன். கண் பரிசோதனையில் என் இரண்டு கண்ணும் பிரமாதம் என்றார் டாக்டர். முப்பத்திரண்டு வருஷம் அந்த வேலை பார்த்தேன். தம்பிகள் படித்தார்கள். புக்கிட் காதில் வீடு அதில் கட்டியது. அங்கே ஒரு ஃபியூஸைக்கூட காரணம் பார்க்காமல் நான் மாற்றியதில்லை. மேலதிகாரி ஒருவர் என்னை எல்லாருக்கும் உதாரணமாகக் காட்டுவார்.

சிங்காரம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயிலுக்கு மாலை கட்டிக்கொடுத்துக்கொண்டு அக்காவோடு இருந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். கோழிச் சண்டையிலிருந்து பந்து விளையாட்டு வரைக்கும் பேசுவோம். அந்த நாளைப்பற்றி மட்டும் பேசமாட்டோம். பலமுறை தொண்டை வரைக்கும் வந்தது. "சிங்கா, அன்னிக்கு நீ..." என்று ஒருநாள் ஆரம்பித்தேவிட்டேன். அவன் நாரைப் பல்லில் கடித்து அறுத்துக்கொண்டே, "டீ ஆறிப்போவுது பாரு" என்றான். நானும் டீயைக் குடித்தேன். எனக்கு அது போதுமென்று ஆகிவிட்டது. கோழை என்றால் வேறு யாரைச் சொல்வீர்கள்?

ஐம்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தான். எட்டாம் நாள் சடங்கு முடிந்து எல்லாரும் போனபிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய மலாயில் மெதுவாகக் கேட்டார். "என் தம்பி எல்லாத்துலயும் கவனமானவன். வீட்டுல பல்பு மாத்தக்கூட ரெண்டு தடவ பாப்பான். அன்னிக்கு மட்டும் எப்படிக் கேக்காம விட்டான்? எனக்கு இன்னும் புரியல. உனக்காவது தெரியுமா?"

அவன் இல்லை. தவுக்கே எப்போதோ போய்விட்டார். பயப்பட எனக்கு எதுவுமே மிச்சமில்லை. அக்காவுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலக்கா" என்றேன்.

அவரும் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. தெங்கேராப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி. காஜா பேராங்கில் நான் குடியிருந்த பலகை வீட்டின் மேல் சாலை போய்விட்டது. போன தைமாதம் அந்தக் கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சிங்காரத்தின் உறவுக்காரர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறாராம், என் பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க குடும்பத்துல ஒருத்தரு இருந்தாரு. ரொம்பக் கெட்டிக்காரரு. ஆனா ஒருநாளு கேக்க மறந்துட்டாரு, கண்ணே போயிடுச்சு. அதனால நான் என் ஆளுங்ககிட்ட தினமும் சொல்லுவேன், அவரு மாதிரி அசட்டையா இருக்காதீங்கன்னு." பேரன் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினான். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டினேன்.

இனி இதை யாரிடம் போய்ச் சொல்ல? கேட்டு நிம்மதி அடையவேண்டிய அக்கா மண்ணுக்குள் இருக்கிறார். சிங்காரம் பிள்ளை என்ற பெயரோடு இந்த ஊரில் மிச்சமிருப்பது அந்த ஒரு பொய்தான், அவன் எனக்காகச் சொன்னது. அதைத்தான் தினமும் ஒரு பட்டறையில் பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவன் மறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, தெளிவாக, கேட்டான்.